லிஸ்ட்டில் முதல் வரி பயறு

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு சைவ மெஸ் நடத்தியவள் நான். மெஸ் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. மாதத் தொகையை முதல் தேதியே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவோம். நடுவில் தக்காளி விலை ஏறிவிட்டது, இன்னும் நூறு ரூபாய் கொடு தம்பி என்று யாரிடமும் போய் நிற்க முடியாது. இருக்கிற பணத்துக்குள் முப்பது நாளும் இலை போட்டாக வேண்டும். சம்பளம் வாங்கும் வீடுகளின் பாடும் இதேதான். பட்ஜெட் சமையல் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

கை இறுகும்போது சைவ வீட்டில் முதலில் எது குறைகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சோறு குறையாது. அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். காபியும் குறையாது, அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டை. குறைவது பருப்பு. சாம்பார் கொஞ்சம் தண்ணியாகும், அடுத்த வாரம் வெறும் ரசமாகும், கடைசி வாரம் மோரும் ஊறுகாயும். வயிறு என்னவோ நிறைந்துவிடுகிறது, அதனால் குறைந்தது யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ரேஷனில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய். வெளியில் அந்த விலைக்கு நினைத்தே பார்க்க முடியாது, ஒரு மாதம்கூட விடாமல் வாங்குங்கள். ஆனால் வீட்டில் நாலு பேர் என்றால், அந்த ஒரு கிலோ ஒரு நாளைக்குத் தலைக்கு எட்டு கிராம்தான் வருகிறது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பும் பயறுமாக 85 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். எட்டு எங்கே, எண்பத்தைந்து எங்கே?

அதனால் மாதச் சாமான் லிஸ்ட் எழுத உட்கார்ந்தால் பருப்பு, பயறில் ஆரம்பியுங்கள். காய்கறி, எண்ணெய், சோப்பு எல்லாம் அப்புறம். 85 கிராம் கட்டுப்படியாகாது என்றால் ஐம்பதாவது வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு மாதம் ஆறு கிலோ. ஆறும் துவரையாக இருந்தால் பட்ஜெட் கவிழ்ந்துவிடும். துவரை வயலில் பல மாதம் நிற்கிற பயிர். நம் நாட்டு விளைச்சல் போதாமல் மியான்மர், மொசாம்பிக் என்று எங்கிருந்தோ வருகிறது. மழை தப்பினால் முதலில் துள்ளுவது அதன் விலைதான். நான் பிரிப்பது இப்படி: ரேஷன் துவரை ஒரு கிலோ, இட்லி தோசைக்கு உளுந்து ஒன்றரைக் கிலோ, பாசிப்பயறு ஒரு கிலோ, தட்டைப்பயறு ஒரு கிலோ. மிச்சம் ஒன்றரைக் கிலோவைக் கறுப்புக் கொண்டைக்கடலை, கொள்ளு, பொட்டுக்கடலை என்று அரை அரைக் கிலோவாக வாங்கிவிடுவேன். மதுரையில் என்றால் கீழமாசி வீதிப் பக்கம் மொத்தக் கடைகளில் நிறுத்து வாங்கலாம்.

நிறுத்து வாங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 2022 ஜூலை 18-இலிருந்து, பெயர் அச்சிட்டுக் கட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்புப் பாக்கெட்டுகளுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் அந்த வரி கிடையாது. பாக்கெட்தான் வாங்குவேன் என்பவர்கள், எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராம் என்ன விலை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பாருங்கள். பத்து ரூபாய்ப் பொட்டலத்தின் லட்சணம் அங்கே தெரியும். நாள்கூலி வீட்டில் முதல் தேதி என்று ஒன்று கிடையாது, எனக்குத் தெரியும். அங்கே சனிக்கிழமைக் கூலி கைக்கு வந்ததும் அந்த வாரத்துப் பயறு முதலில் வாங்கப்படட்டும், அவ்வளவுதான்.

சரி, பயறு வந்துவிட்டது, பிள்ளைகள் சாப்பிட வேண்டாமா? தினமும் சுண்டல் வைத்தால் நானே சாப்பிடமாட்டேன். தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு வையுங்கள். நாலு பேருக்கு ஒரு டம்ளர் பயறு போதும். ராத்திரி ஊறப்போட மறந்துவிட்டால், வெறும் சட்டியில் வாசம் வருகிறவரை வறுத்து, கழுவி, குக்கரில் போடுங்கள், ஊறாமலே வெந்துவிடும். புளி பயறு வெந்த பிறகுதான், முன்னாலேயே விட்டால் பயறு விறைத்துக்கொண்டு நிற்கும். வெந்ததில் ஒரு கரண்டி எடுத்து மசித்துக் கலந்தால் குழம்பு கெட்டிப்படும், தேங்காய் அரைக்கிற செலவு மிச்சம். பாசிப்பயறை முளைகட்டி அரைத்தால் தோசை. பொட்டுக்கடலையில் பொடி திரித்து வைத்தால் அவசரத்துக்குச் சோற்றில் பிசைந்து சாப்பிடலாம். இட்லிக்குத் தனி அரிசி வேண்டியதில்லை. ரேஷன் புழுங்கல் நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, மாவு பொங்கி வரும். மாவுப் பாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசில் ஒரு வாரத்து உளுந்தே வந்துவிடும்.

ரேஷன் அரிசி என்றதும் நினைவுக்கு வருகிறது. களையும்போது சில அரிசி மட்டும் மேலே மிதக்கிறது, பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பிளாஸ்டிக் இல்லை. 2023-இல் நம் ரேஷனில் செறிவூட்டிய அரிசி கொடுக்க ஆரம்பித்தார்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி மாவிலேயே அச்சுவார்த்த மணிகளை, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் அதில் கலந்தார்கள். பயறு, கீரை, காய் எதிலும் பி12 கிடையாது. சைவக்காரர்களுக்குப் பால், தயிர், மோரை விட்டால் வேறு வழி கொஞ்சம்தான். மிதக்கிற மணியை எறிந்தால் எறிவது அந்த பி12-ஐத்தான். எதைக் குறைத்தாலும் பிள்ளைகளின் தயிரை மட்டும் குறைக்காதீர்கள் என்பதும் இதனால்தான்.

காய்கறிக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை நம் மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-இல் திறந்தது. வாசலில் விலைப் பலகை இருக்கும், அதைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். எழுதி வைத்த லிஸ்ட்டோடு காய் வாங்கப் போவது வீண் பிடிவாதம். பலகையில் எது மலிவோ அதுதான் அந்த வாரத்துச் சமையல். கார்த்திகை மார்கழியில் முருங்கைக்காய் தங்க விலை விற்கும். பங்குனி சித்திரையில் கூவிக் கூவிக் கொடுப்பார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியதே, அப்போது புளிக்குழம்பும் மோர்க்குழம்பும் வைத்துச் சமாளித்தவர்கள் எத்தனை பேர்! சந்தை கலையும் நேரத்தில் கூறுகட்டி விற்பதையும் வாங்கலாம், ஆனால் அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் மட்டும்.

வாங்கி வந்த காய் அழுகினால் மலிவாக வாங்கி என்ன பிரயோசனம்? வாரத்துக்கு ஒரு தடவை வாங்கினால் சமைக்கிற வரிசை முக்கியம். கீரை அன்றைக்கே. மறுநாள் வெண்டை, அவரை. அப்புறம் கத்தரி, முட்டைக்கோஸ். கருணை, சேம்பு, வெட்டாத பூசணி எல்லாம் வாரக் கடைசிவரை பொறுமையாக இருக்கும். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு, தண்டுக்கீரைத் தண்டு சாம்பாருக்கு. கீரை சமைக்கும் நாளில் ஒரு மூடி எலுமிச்சையோ ஒரு நெல்லிக்காயோ பக்கத்தில் இருந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி டீ குடித்தால் அது கெட்டுப்போகும். மறுபடியும் காபியா என்று கோபிக்காதீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கடைசி வாரம் கூடை காலியாக இருந்தாலும் டப்பாவில் கொள்ளு இருக்கும். ராத்திரியே ஒரு டம்ளர் ஊறப்போட்டு, தண்ணீர் தாராளமாக விட்டு வேகவையுங்கள். வெந்த தண்ணியை வடித்து, புளி, மிளகு, சீரகம் தட்டிப் போட்டால் ரசம். பூண்டு சேர்க்கிற வீட்டில் நாலு பல் நசுக்கிப் போடுங்கள், சேர்க்காத வீட்டில் பெருங்காயம். வெந்த கொள்ளுடன் வற்றல் மிளகாய், கொஞ்சம் புளி, உப்பு, இருந்தால் ஒரு கீற்றுத் தேங்காய் வைத்துக் கெட்டியாக அரைத்தால் துவையல். மீந்ததைப் பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலைத் தோசைக்கு ஆகும்.

வணக்கம்.