சுற்றிவளைப்பு போட்டால் சண்டை குறையுமா?

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். என் அப்பா காலி வீதிக்குப் பாண் வாங்கப் போனாலும் சட்டைப் பையில் அடையாள அட்டையும் நாலாக மடித்த பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கும், மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டின துண்டு. செக்பொயின்டில் அவரை மறித்ததெல்லாம் அவருடைய பெயருக்காகவும் பிறந்த ஊருக்காகவும்தான்.

சரி, இப்படி ஒரு சமூகத்தையே சல்லடை போட்டால் வன்முறை குறையுமா?

[திரையில்: பெல்ஃபாஸ்ட், 1971]

1971 ஓகஸ்ட் 9 அதிகாலை. வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் இராணுவம் வீடு வீடாகப் புகுந்து 340க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது, வழக்கு இல்லாமலே அடைத்து வைக்க. பட்டியலோ பழசு, பல வீட்டில் பிடிபட்டது தப்பான ஆள். பிடித்ததும் பிரிட்டனை விட்டுப் பிரியக் கேட்ட கத்தோலிக்கர் பக்கத்தில்தான், பிரிட்டனோடு இருக்கக் கேட்ட புரட்டஸ்தாந்துப் பக்கத்து ஆயுதக் குழுக்களில் ஒருவரையும் அன்று தொடவில்லை. சண்டை அடங்கவில்லை, எகிறியது. அடுத்த ஜனவரி 30 டெரி நகரத்தில் ஊர்வலம் போனவர்களை இராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே செத்தார்கள், கத்தோலிக்கர் பக்கத்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆட்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். அந்த மோதலில் ஆகக் கூடுதலான உயிர் போனது 1972இல்தான்.

அதே வருடம் ஜூலை 31, மோட்டர்மேன் நடவடிக்கை. ஆயுதக் குழுக்கள் தடுப்புப் போட்டு வைத்திருந்த பகுதிகளுக்குள் இராணுவம் பெரும் படையோடு போனது, அதன்பின் தாக்குதல்கள் குறைந்தன. அதனால் படை போனாலே வன்முறை கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. வித்தியாசம் என்னவென்றால், அங்கே குறி வைத்தது ஆயுதக்காரர் பிடித்திருந்த இடத்தை, முந்தின வருட ஓகஸ்டில் குறி வைத்தது ஒரு சனத்தை. குண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அந்தச் சனம்தான், கதவை உடைத்துத் தகப்பனை இழுத்துப் போன வீட்டிலிருந்து யார் வந்து தகவல் சொல்வார்கள்?

[திரையில்: கொழும்பு, 2007]

இங்கே 2007 ஜூன் 7 விடியமுன்னர் லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியா உட்பட வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் நிறுத்தியது.

பயங்கரவாதத் தடைச் சட்டமும் 1979இல் தற்காலிகம் என்றுதான் வந்தது, 1982இல் நிரந்தரமானது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு அதே சட்டம் முஸ்லிம் வீடுகளின் கதவைத் தட்டியது. குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம் தடுத்து வைக்கலாம் என்றிருந்ததை 2022இல் 12 ஆக்கினார்கள். அந்த 12 மாதமும் அண்ணனைப் பார்க்க அம்மாவோடு வரிசையில் நிற்கப் போவது பதினாறு வயதுத் தம்பி.