எலிக்கண்ணில் மூன்று கீறல்

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

கதிரறுக்கும்போது நெல்தாள் கண்ணில் குத்திவிடுகிறது. சாயங்காலம் கண் சிவந்து நீர் வடிகிறது. வீட்டில் யாராவது தாய்ப்பாலையோ பச்சிலைச் சாற்றையோ விடச் சொல்வார்கள் (தயவுசெய்து விடாதீர்கள்). சில நாளில் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். இதுதான் கருவிழிப் புண். 1990களில் மதுரையில் நடந்த ஆய்வில், இந்தப் புண்களில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறக்குறைய சரிக்குச் சரியாக இருந்தன. இன்று நான் பேசப்போவது பாக்டீரியாவைப் பற்றி மட்டும், அதுவும் எலி, முயல் கண்களில் அதை எப்படி ஆராய்கிறார்கள் என்பதைப் பற்றி.

இதற்கு எலியும் முயலும் எதற்கு என்று கேட்பீர்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்போது கதை பாதி முடிந்திருக்கும். கிருமி எப்போது ஒட்டியது, கிருமியோடு போராடும் இரத்த வெள்ளணு எப்போது வந்தது, முதல் சில மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதெல்லாம் மனிதக் கண்ணில் யாரும் பார்க்க முடியாதவை.

சுண்டெலியின் கருவிழி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். எலியை மயக்கி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, ஊசிமுனையால் மேலாக மூன்று கீறல் போடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் நீளம். கை கொஞ்சம் அழுந்தினால் ஊசி உள்ளே போய்விடும். அதன்மேல் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கலந்த நீரில் ஒரு சிறு துளி. கிருமிகள் பத்து லட்சம் இருக்கும். கீறாமல் அதே துளியை விட்டால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கண்ணீரும் மேல்தோலும் சேர்ந்து துடைத்துவிடும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. டெட்ராய்ட் நகரின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹாஸ்லெட்டின் குழு பல ஆண்டுகள் இதையே செய்தது. சி57 பிளாக் 6 என்ற கறுப்பு எலிக்கு ஒரு வாரத்துக்குள் கருவிழி ஓட்டையாகிவிடுகிறது. பால்ப்-சி என்ற வெள்ளை எலிக்குப் புண் ஆறிவிடுகிறது. கிருமியும் ஒன்று, அளவும் ஒன்று. அப்படியானால் கண்ணைக் கெடுப்பது கிருமி மட்டுமல்ல. கறுப்பு எலியின் வெள்ளணுக்கள் வந்த வேலை முடிந்தும் போகாமல், தங்கள் நொதிகளால் கருவிழியைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தையே கரைக்கின்றன.

அப்படியென்றால் ஸ்டீராய்டு சொட்டு விட்டு அந்த வெள்ளணுக்களை அடக்கலாமே? இந்தக் கேள்விக்கு விலங்குகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. சில ஆய்வில் நல்லது, சிலவற்றில் கெடுதல்.

மருந்தைச் சோதிக்க முயல்தான் வசதி, கண் பெரியது. ஆனால் முயலுக்கு வெறும் கீறல் போதாது. கிருமியை ஊசியால் கருவிழியின் நடு அடுக்கிலேயே செலுத்த வேண்டும். மருந்து விட்டபின் கருவிழியை எடுத்து அரைத்து, தட்டில் வளர்த்து, எத்தனை கிருமி மிச்சம் என்று எண்ணுவார்கள். மனிதரிடம் இதைச் செய்ய முடியுமா? இன்னொரு விஷயம், முயல் எப்போதாவதுதான் இமைக்கும். விட்ட மருந்து நம் கண்ணில் நிற்பதைவிட அதன் கண்ணில் அதிக நேரம் நிற்கும். முயலில் நன்றாகக் கேட்ட மருந்து நமக்கும் அப்படியே கேட்கும் என்று நம்பிவிட முடியாது. இந்தச் சோதனைகளில் ஒரு கண்ணைத்தான் தொட வேண்டும், வலிக்கு மருந்து தர வேண்டும் என்பது விதி. அதைச் சலுகையாக நான் பார்க்கவில்லை. நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சம் அது.

ஸ்டீராய்டு கேள்விக்குக் கடைசியில் மனிதர்களிடம்தான் போக வேண்டியிருந்தது. 500 பேர், அதில் மிகப் பெரும்பாலோர் மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்த நம்மவர்கள். எல்லோருக்கும் மாக்சிஃப்ளாக்சசின் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்து. பாதிப் பேருக்குக் கூடவே பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத சொட்டு. 2012இல் வந்த முடிவு: மூன்று மாதம் கழித்துப் பார்வையில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் சேரும்போதே விரல் எண்ணும் அளவுக்கோ அதற்கும் கீழேயோ பார்வை போயிருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு கொஞ்சம் உதவியது.

மண்ணில் வாழும் நோகார்டியா என்ற பாக்டீரியாவால் புண் வந்தவர்களிடம் கதை திரும்பியது. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குத் தழும்பு பெரிதாகவே நின்றது. சூடோமோனாஸ் ஏற்றிய கறுப்பு எலியிடம் எத்தனை வருஷம் கேட்டிருந்தாலும் இது தெரியவந்திருக்காது. நோகார்டியாவைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவே இல்லையே.