பதறாமல் மலை ஏறுவோம்

(சேலத்தில், அரையாண்டு விடுமுறையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, காலையிலேயே வந்து நாற்காலி போட்டு வைத்த நூலகர் தம்பி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அண்ணன் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். ஓட்டுநர் அண்ணனுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்தடுத்து வரும் இந்த நாட்களில் மனசு அமைதியாக இருக்க என்ன வழி? வீடு, பயணம் என்று இரண்டைப் பற்றிப் பேச வந்தேன். இரண்டுக்கும் என் பாட்டி சொன்ன பழமொழி ஒன்றே போதும்: பதறிய காரியம் சிதறும்.

வீட்டில் பலகாரத்தைப் பாதியாகக் குறைத்தாலே அம்மாக்களுக்கு ஒரு மத்தியானத் தூக்கம் கிடைக்கும். இனி பயணத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் டிசம்பர் கடைசி ஞாயிறு. குடும்பத்தோடு காரில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள், உங்களுக்குத் தெரியும். பாதி மலையில் ஒரு வளைவில் யாரோ முந்தப் பார்த்து, இறங்கி வந்த வண்டியோடு மூக்குக்கு மூக்கு முட்டி நின்றுவிட்டார். முன்னும் பின்னும் வண்டிகள். ஒரே ஹாரன் சத்தம், கிளட்ச் கருகும் நாற்றம். நானும் ஹாரன் அடித்தேன், மறைக்கவில்லை. பின்னால் வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். ஒவ்வொரு காராகத் தட்டி, "சார், முதல்ல வண்டியை ஆஃப் பண்ணுங்க" என்றார். கடைசி எஞ்சினும் நின்றது. அப்போதுதான் காட்டில் பறவைச் சத்தமே கேட்டது! காப்பிப் பழம் பறித்துவிட்டு நடந்து வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "ஏன் சாமி பதறுறீங்க? ஏரி எங்க ஓடிப் போகப்போகுது?" என்றார். மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. அந்த விதிப்படி ஓட்டுநர் ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் எடுக்கச் சொல்ல, கால் மணி நேரத்தில் பாதை திறந்தது. அதுவரை என் பிள்ளைகள் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து கடலை தின்றார்கள். அந்தப் பயணத்தில் தங்கின அறை அவர்களுக்கு நினைவில்லை, அந்தச் சுவர் நினைவிருக்கிறது. அந்த ஓட்டுநர்தான் நம் முன்வரிசை அண்ணன்.

பதறிய காரியம் சிதறும். ஆனால் நான்கு பேருக்கு ஒரு கார் என்று ஆயிரம் குடும்பங்கள் ஒரே நாளில் கிளம்பினால் யார்தான் பதறாமல் இருக்க முடியும்? அதனால்தான் இவ்வளவு நாளாகக் கேட்டு வருகிறேன். விடுமுறை நாட்களில் மலைக்குக் கூடுதல் பேருந்து வேண்டும். அடிவாரத்தில் காரை நிறுத்த நல்ல இடம் வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களை அப்பாவும் பார்க்கட்டுமே! இன்று அவர் ஸ்டியரிங்கை மட்டும்தான் பார்க்கிறார்.

வாசலில் விண்ணப்பம் வைத்திருக்கிறோம். பேனா இரண்டுதான் இருக்கிறது, வரிசையாக வந்து கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்தை ஓட்டுநர் அண்ணன் போடுவார். நன்றி, வணக்கம்.