முகம் எரிந்த விமானிகளும் டாக்டர் மெக்கிண்டோவும்

(திரையில்: ஸ்பிட்ஃபயர் விமானத்தின் குறுக்குவெட்டுப் படம்)

இது இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் ஓட்டிய ஸ்பிட்ஃபயர் போர்விமானம். விமானி உட்காரும் இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். அவருக்கு நேர் முன்னால், எஞ்சினுக்கும் அவருக்கும் நடுவில், இரண்டு பெட்ரோல் டாங்குகள், மொத்தம் 85 காலன். எதிரியின் குண்டு அதில் பட்டால் தீ காக்பிட்டுக்குள்தான் பாயும். ஹரிக்கேன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் போர்விமானத்திலும் இதே கதைதான், அதில் இறக்கைகள் உடலோடு சேரும் இடத்திலும் டாங்க் உண்டு. விமானி மேல்மூடியைத் தள்ளித் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, பாராசூட்டோடு வெளியே குதிப்பதற்குள் சில விநாடிகள் போய்விடும், அதற்குள் துணி மூடாத இடமெல்லாம் வெந்துவிடும். முகம், கைகள். அடுத்தடுத்து வந்த விமானிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் இதற்கு 'ஏர்மேன்ஸ் பர்ன்' (விமானிகளின் தீக்காயம்) என்று தனிப்பெயரே வந்துவிட்டது.

1940 கோடையில் பிரிட்டன் வான்போர், அதாவது ஜெர்மன் விமானப்படையோடு பிரிட்டன் வானில் மோதிய போர், நடந்தபோது இப்படி வெந்து வந்தவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள். நாடு முழுக்க பிளாஸ்டிக் சர்ஜரியை முழுநேரத் தொழிலாகச் செய்தவர்கள் அப்போது நான்கே பேர். அதில் ஒருவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. 1900இல் நியூசிலாந்தின் டனீடனில் பிறந்து, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வயிற்று அறுவை சிகிச்சை பழகி, 1930இல் லண்டன் வந்து, உறவினரான ஹெரால்ட் கில்லீஸிடம் பிளாஸ்டிக் சர்ஜரி கற்றுக்கொண்டவர். போர் தொடங்கியதும் சசெக்ஸில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிறிய ஊரின் குவீன் விக்டோரியா மருத்துவமனைக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே மூன்றாவது வார்டு அவர் ராஜ்ஜியம்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். அந்தக் காலத்தில் தீக்காயத்துக்கு டானிக் அமிலம் பூசுவதுதான் வழக்கம். தோல் பதனிட உதவும் அதே பொருள்தான். பூசினால் காயத்தின் மேல் கெட்டியான ஓடு கட்டும், உள்ளே ஆறும் என்று கணக்கு. முதுகிலோ வயிற்றிலோ சின்னக் காயம் என்றால் எப்படியோ சமாளிக்கலாம். கண் இமையில் அந்த ஓடு கட்டினால்? இமை சுருங்கி மேலே இழுத்துக்கொள்ளும், கண்ணை மூட முடியாது, விழி காய்ந்து பார்வையே போகலாம். விரல்கள் மடங்கி அப்படியே இறுகிவிடும். கடலில் விழுந்து மீட்கப்பட்ட விமானிகளின் காயம் மற்றவர்களுடையதைவிட நன்றாக ஆறியிருப்பதை மெக்கிண்டோ கவனித்தார், அதாவது உப்புநீர். உடனே வார்டில் வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டிகள் வந்தன, டானிக் அமிலத்துக்கு எதிராக அவர் மேலிடத்தோடு சண்டை போட்டார், அந்த 1940 முடிவதற்குள்ளேயே முகத்துக்கும் கைக்கும் அதைப் பூசக்கூடாது என்று உத்தரவும் வந்துவிட்டது.

(திரையில்: தோல் குழாய் எப்படி நகர்கிறது என்ற வரைபடம்)

அடுத்தது மூக்கு, இமை, உதடு எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது. இமைக்கு மெல்லிய தோல் வேண்டும், மேல்கையின் உட்புறத்திலிருந்து எடுப்பார்கள். மூக்கு மாதிரி பெரிய வேலைக்கு வேறு வழி. நெஞ்சிலோ தோளிலோ ஒரு பட்டைத் தோலைக் கீறித் தூக்கி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்குவார்கள். ஒரு முனை உடம்போடு ஒட்டியே இருக்கும், அதன் வழியாகத்தான் ரத்த ஓட்டம். மறுமுனையை முகத்தில் தைத்துவிட்டு, அங்கே புதிய ரத்தநாளங்கள் பிடிக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, அப்புறம்தான் பழைய முனையை வெட்டுவார்கள். ஏன் குழாய்? திறந்த சதை வெளியே தெரிந்தால் கிருமி தொற்றும், ஆன்டிபயாடிக் இல்லாத காலம். முதல் உலகப்போரில், 1917இல், கில்லீஸ் கண்ட வழி இது, ஒடெசாவில் ஃபிலாடோவ் என்ற மருத்துவரும் தனியாக இதையே கண்டுபிடித்திருந்தார். முகத்தில் யானைத் தும்பிக்கை போல ஒரு குழாயோடு வாரக்கணக்கில் நடமாட வேண்டும், இப்படி ஒருவருக்கே பத்து, இருபது ஆபரேஷன், ஆண்டுக்கணக்கில்.

பொதுவாக இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அறுவை சிகிச்சையோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. எவ்வளவு தைத்தாலும் பழைய முகம் வராது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்த ஊரைத் தயார்ப்படுத்தினார். ஊர்க்காரர்களிடம் நேரில் பேசி, இவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நோயாளிகளுக்கான நீல உடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு விமானப்படைச் சீருடையிலேயே பப்புக்கும் சினிமாவுக்கும் போகச் சொன்னார். 'முறைத்துப் பார்க்காத ஊர்' என்று ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்குப் பெயரே நிலைத்துவிட்டது. அந்த ஊரும் போரில் சும்மா தப்பவில்லை: 1943 ஜூலையில் குண்டுவீச்சில் 108 பேர் இறந்தார்கள், சினிமா பார்க்கப் போன பிள்ளைகள் உட்பட.

வார்டுக்குள்ளேயே பீர் பீப்பாய் இருந்தது, பதவி வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. நோயாளிகளின் மனத்தெம்புக்காக என்று அங்கே பொறுத்துக்கொள்ளப்பட்ட சீண்டல்களின் சுமை இளம் செவிலியர்கள் மேல் விழுந்தது, அவர்களில் சிலர் பிற்காலத்தில் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். புகழ்மாலைகளில் இது அதிகம் வராது.

1941 ஜூலை 20 அன்று நோயாளிகள் சிலர் கூடி ஒரு குடிகாரச் சங்கம் தொடங்கினார்கள். எங்கள் மேல்தானே எல்லாச் சோதனையும் நடக்கிறது என்று அதற்குக் கினி பிக் கிளப் என்று பெயரானது; கினி பிக் என்பது ஆய்வுக்கூடங்களில் சோதனைக்குப் பயன்படுத்தும் சிறு விலங்கு. கால் வெந்தவர் பொருளாளர், பணத்தோடு ஓட முடியாது. விரல் வெந்தவர் செயலாளர், நீளமாகக் குறிப்பு எழுதித் தொல்லை தர மாட்டார். தலைவர் மெக்கிண்டோதான். போர் முடியும்போது 649 உறுப்பினர்கள், போரின் பிற்பாதியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்கள், கனடா, ஆஸ்திரேலியா, போலந்து, செக்கோஸ்லோவாக்கியாக்காரர்களும் உண்டு.

கேலிக்குப் பின்னால் கறாரான காரியங்களும் நடந்தன. காயம்பட்டவர் 90 நாளில் பணிக்குத் திரும்பாவிட்டால் படையிலிருந்து கழற்றிவிடும் விதி இருந்தது. முகம் கட்ட இரண்டு மூன்று வருடம் ஆகும்போது 90 நாளில் என்ன செய்வது? மெக்கிண்டோ அதை மாற்ற வைத்தார். அவர் விமானப்படையில் பதவி எதையும் ஏற்காமல் சிவிலியனாகவே இருந்தது இதற்குத்தான் உதவியது, யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை, யாரோடும் மோதலாம்.

உறுப்பினர்களில் ஜெஃப்ரி பேஜ் என்பவரைப் பாருங்கள். 1940 ஆகஸ்ட் 12 அன்று ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவருக்கு வயது 20, முகமும் கைகளும் வெந்துபோயின. பல ஆபரேஷன்களுக்குப் பிறகு மறுபடியும் போர் விமானம் ஓட்டினார். வயதான காலத்தில் முன்னின்று பணம் திரட்டி, இங்கிலாந்தின் கேப்பல்-லெ-ஃபெர்னில் பிரிட்டன் வான்போர் நினைவிடத்தை எழுப்பினார், 1993இல் அது திறக்கப்பட்டது.

மெக்கிண்டோவுக்கு 1947இல் சர் பட்டம் கிடைத்தது, 1960இல் இறந்தார். அதற்குள் இன்னொரு வேலைக்கும் விதை போட்டிருந்தார். போருக்குப் பிறகு ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ மலைப் பக்கம் ஒரு பண்ணை வாங்கியவர், அங்கே மைக்கேல் வுட், டாம் ரீஸ் என்ற இரண்டு சர்ஜன்களோடு சேர்ந்து, சாலையே இல்லாத கிராமங்களுக்கு விமானத்தில் டாக்டர்களை அனுப்பும் திட்டத்தைப் போட்டார். 1957இல் அது கிழக்கு ஆப்பிரிக்கப் பறக்கும் மருத்துவர் சேவையானது. வுட் தானே விமானம் ஓட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தார். ஆம்ரெஃப் என்ற பெயரில், நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்டு, அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது.