ரைசினா குன்றின் மாளிகை: காரைக்குடியில் ஆற்றிய உரை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

முகப்பு நிலைவாசலில் நின்றால், வளவும் இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும் கடந்து பின்வாசல் வரை பார்வை நேராகப் போகும்படி வீடு கட்டிய ஊர் இது. டில்லியிலுள்ள குடியரசுத் தலைவர் மாளிகையைப் புரிந்துகொள்ளவும் அப்படி ஒரு நேர்கோடு போதும். இந்தியா கேட்டில் புறப்பட்டு, ரைசினா குன்றேறி, 145 அடி உயர ஜெய்ப்பூர் தூணைக் கடந்து, குவிமாடத்தின் கீழுள்ள தர்பார் மண்டபத்தில் வைசிராயின் அரியணையில் போய் முடிந்தது அந்தக் கோடு. ஊரின் பார்வை முழுவதும் ஓர் ஆளின் மேல் விழவேண்டும் என்று திட்டமிட்டே கட்டினார்கள்.

1911 டிசம்பர் 12 அன்று தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். மாளிகை ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் பொறுப்பு. இருபுறமும் உள்ள தலைமைச் செயலகங்கள் அவருடைய நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்பர்ட் பேக்கர் பொறுப்பு. 1929-இல் வேலை முடிந்தது. 340 அறைகள், சுமார் 70 கோடி செங்கல், 30 லட்சம் கன அடி கல். இரும்பு மிகக் குறைவு.

இவ்வளவு செய்தும் ஒரு பெரும் பிழை நேர்ந்துவிட்டது. செயலகங்களும் குன்றின் மேலேயே இருக்கவேண்டும் என்றார் பேக்கர். லட்யன்ஸ் ஒப்புக்கொண்டார். அதனால் மாளிகை மேற்கே பின்னுக்குப் போயிற்று. இடையிலுள்ள ஏற்றத்தின் விளிம்பு அதை மறைத்தது. இந்தியா கேட் பக்கமிருந்து வருகிறவர் குன்றின் அடிவாரத்திலுள்ள விஜய் சௌக் சதுக்கத்தை நெருங்க நெருங்க, முன்மண்டபத் தூண்கள் மறைந்து குவிமாடத்தின் மேற்பகுதிதான் மிஞ்சும். ஏற்றத்தை வெட்டித் தணிக்கச் சொல்லி லட்யன்ஸ் போராடினார், அரசு இசையவில்லை. நண்பர்கள் இருவரும் பல ஆண்டுகள் பகையானார்கள்.

லட்யன்ஸுக்கு நம் கட்டடக்கலை மேல் பெரிய மதிப்பில்லை. இந்தியச் சாயல் வேண்டும் என்று வற்புறுத்தியவர் வைசிராய் ஹார்டிஞ்ச். அப்படி வந்தவைதான் குவிமாடத்தின் அடியில் சாஞ்சித் தூபியின் கல்வேலி, வெயிலையும் மழையையும் தடுக்கும் நீண்ட கொடுங்கை, தூண்தலைகளின் மூலைகளில் கல்மணிகள். மணி யோசனை கர்நாடகத்து மூடபித்ரி சமணக் கோயிலிலிருந்து வந்தது என்பார்கள். மணி ஒலித்தால் ஆட்சி முடியும் என்றொரு நம்பிக்கை, கல்மணி ஒலிக்காது. ஆனாலும் மாளிகை முடிந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை, அந்த ஆட்சி போய்விட்டது!

1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவை பதவியேற்றது அதே தர்பார் மண்டபத்தில்தான். 1950 ஜனவரி 26 அன்று ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றதும் அங்கேதான். யாரும் மாளிகையை இடிக்கவில்லை. கோடு முடியும் இடத்தில் இன்று குடியரசுத் தலைவரின் நாற்காலி இருக்கிறது. அதன் பின்னால் 5-ஆம் நூற்றாண்டுக் குப்தர் காலப் புத்தர் நிற்கிறார். முன்மண்டபத்தில், பீகாரின் ராம்பூர்வாவில் கிடைத்த அசோகர் காலத்துக் காளைச் சிற்பம். 2024-இல் மண்டபத்தின் பெயரும் கணதந்திர மண்டபம், அதாவது குடியரசு மண்டபம், என்று மாறியது. என்னைக் கேட்டால், பெயரைவிடப் புத்தரை அங்கே நிறுத்தியதுதான் பெரிய மாற்றம்.

இதில் நம் ராஜாஜிக்கும் பங்குண்டு. 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாகப் போனவர், வைசிராயின் படுக்கையறை தனக்கு ஆகாது என்று சிறிய அறைகளுக்கு மாறிக்கொண்டார். பின்வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். வைசிராயின் அறைகள் வெளிநாட்டுத் தலைவர்கள் தங்கும் விருந்தினர் பகுதியாகிவிட்டன. உணவுப் பஞ்சக் காலத்தில் வளாகத்தின் ஒரு பகுதியை உழுது தானியம் விளைவித்தவரும் அவரே.

பார்க்க விரும்புகிறவர்கள் இணையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போகவேண்டும். தோட்டத்துக்குத் தனிப் பதிவு. பெரும்பாலும் பிப்ரவரியில் திறப்பார்கள். மண்டபத்தில் இரண்டு டன் எடையுள்ள சரவிளக்கை அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மஞ்சள் ஜெய்சால்மர் பளிங்குத் தூண்களையும் பாருங்கள். பளிங்கின் தரம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறகு புத்தருக்கு முன்னால் நின்று வாசல் பக்கம் திரும்பிப் பாருங்கள், கோடு புலப்படும்.