எந்தப் பாதி?

(பழைய வண்ணாரப்பேட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வில்லன்களைப் பற்றிப் பேச நம்ம ஏரியாவைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சினிமாவுக்கு ஒரு ரவுடி தேவைப்பட்டால் உடனே காசிமேட்டுக்கோ வியாசர்பாடிக்கோ கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். லுங்கி, முகத்தில் தழும்பு, கையில் பட்டாக்கத்தி. அறிவியல் புனைகதையின் வில்லன் இந்த ரகம் இல்லை. அவனிடம் ஒரு கணக்கு இருக்கும். அதைப் பொறுமையாக விளக்குவான். கேட்கிற நமக்கும் கொஞ்சம் சரியென்றே படும். பயப்பட வேண்டியது அங்கேதான்.

2018இல் அவெஞ்சர்ஸ் படத்துக்கு அக்கா மகனோடு போயிருந்தேன். அதில் வரும் வில்லன் தானோஸின் கணக்கு உங்களுக்குத் தெரியும். உயிர்கள் அதிகம், வளம் குறைவு. பாதிப் பேரை அழித்துவிட்டால் மிச்சப் பாதி வயிறாரச் சாப்பிடும். பணக்காரன் ஏழை என்றெல்லாம் பார்ப்பதில்லை, குலுக்கல்தான். இடைவேளையில் பாப்கார்னைக் கொறித்தபடி பையன் கேட்டான்: "மாமா, அவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கதையைச் சொன்னேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் முறத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"பாதின்னா, எந்தப் பாதி?"

"குலுக்கல்மா."

"குலுக்குறவன் பேரு அதுல இருக்குதா?"

என்னிடம் பதில் இல்லை. விரலைச் சொடுக்கிப் பாதி உயிர்களை அழித்தவன் குடிசை வாசலில் உட்கார்ந்து சூரியனைப் பார்த்துப் புன்னகைப்பதோடு படம் முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சக்தி வாய்ந்த ஆறு மாயக் கற்களும் அவன் கையில். நினைத்தது நடக்கும். சோற்றை இரண்டு மடங்காக்கியிருக்கலாமே! அவனுக்கு அது தோன்றவே இல்லை. கணக்கில் ஆள்தான் குறைய வேண்டும் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

இந்தக் கணக்கு வேற்றுக்கிரகச் சரக்கு இல்லை. மக்கள்தொகை பெருக்கல் வேகத்தில் ஏறும், உணவு கூட்டல் வேகத்தில்தான் ஏறும் என்று 1798இல் எழுதியவர் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் மால்தஸ். அவர் 1805 முதல் எங்கே வாத்தியாராக இருந்தார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரியில். நம்மை ஆள வந்தவர்கள் படித்த பாடம் அது.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை, அரை கோடிக்கும் மேல் சாவு. வைஸ்ராய் லிட்டன் 1877இல் சொன்ன விளக்கம், இந்தியாவின் ஜனத்தொகை விளைச்சலை மிஞ்சிப் பெருகுகிறது என்பது. அதே ஆண்டுகளில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் அம்பாரமாகக் கிடந்தன. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். இது உடம்பைக் கொல்லும் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். இதை ஒரு நாவலில் எழுதினால் வில்லன் ரொம்ப மிகையாக இருக்கிறான் என்று விமர்சனம் வரும்.

இங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அதை ஏன் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள்? அதன் வேர் மணியக்காரர் சத்திரம். 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம். வந்தவர்களை எண்ணிப் பாதியை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாக எந்தக் கதையும் இல்லை.

இனி அறிவியல் புனைகதை வில்லன்களின் பேராசைக்கு வருகிறேன். எந்திரன் படத்தில் விஞ்ஞானி போரா ரோபோக்களை ஆயுதச் சந்தையில் விற்கப் பார்ப்பது வெறும் வியாபாரம். அதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. 1979இல் வந்த ஏலியன் படம் வேறு மாதிரி. விண்கப்பலுக்குள் புகுந்து பல்லைக் காட்டும் அந்த ஜந்து பாவம், பசித்த மிருகம். வில்லன் திரையிலேயே வராத கம்பெனி. ஜந்துவைப் பத்திரமாகக் கொண்டு வா, கப்பலில் இருக்கும் ஏழு பேர் போனால் போகட்டும் என்பது அதன் ரகசிய உத்தரவு. அதை நிறைவேற்ற அந்த ஏழு பேரில் ஒருவனாக, மனிதன் மாதிரியே ஒரு ரோபோ. பெயர் ஆஷ், அதாவது சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும் எண்ணூரில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைச் சாயங்காலம் உதறிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் சும்மா காதில் விழாது.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. கீழ்த்தளத்தில் எண்ணெயும் நீராவியுமாக வேலை செய்யும் இரண்டு மெக்கானிக்குகள், எங்களுக்கு மட்டும் ஏன் பங்கு குறைவு என்று போனஸ் பேச்சை எடுக்கிறார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. முதல் தடவை பார்த்தபோது நான் அதைச் சிரிப்புக்காக வைத்த வசனம் என்று நினைத்தேன். இங்கே காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு பேரும் கடைசி வரை பிழைப்பதில்லை. போனஸ் பேச்சை அப்புறம் யாரும் எடுப்பதும் இல்லை.