நியூ ஆர்லியன்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆறு கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ். விடிய விடிய விழித்திருக்கும் ஊர். அங்கே மதுக்கடைகளுக்கு மூடும் நேரம் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. போகிறவர்களில் பலர் போர்பன் தெருவின் வண்ண விளக்குகளை ஒரு இரவு பார்த்துவிட்டு, ஊரையே பார்த்ததாக நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். வேலை நிமித்தமாக மூன்று முறை அங்கே தங்கியிருக்கிறேன். முதல் முறை நானும் அப்படித்தான் திரும்பினேன். அந்த ஊரின் இரவில் கேட்கும் இசை எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால், பகலில் அதன் பழைய குடியிருப்புகளில் நடக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் பிரெஞ்சு குவார்ட்டர். 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய ஊரின் பழைய பகுதி இது. பெயர்தான் பிரெஞ்சு. 1788, 1794 என்று இரண்டு பெரிய தீ விபத்துகளில் பழைய மரவீடுகள் பெரும்பாலும் எரிந்துபோயின. அப்போது ஆட்சி ஸ்பெயினின் கையில். அதனால் திரும்ப எழுந்த வீடுகள் ஸ்பானிய முறையில் எழுந்தன. தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் சுவர்கள். கதவு திறந்திருந்தால் எட்டிப் பாருங்கள், உள்ளே முற்றம் தெரியும், முற்றத்தில் வாழைமரம் தெரியும்.

ஆற்றங்கரைப் பக்கம் கஃபே டு மாண்ட் என்ற காபிக்கடை 1862லிருந்து இருக்கிறது. அந்தக் காபியை ஒரு வாய் குடித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிக்கரி! நம் வீட்டு டிகாஷனில் இருக்கிற அதே சிக்கரி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது துறைமுகத்தை முற்றுகையிட்டதில் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. சிக்கரியைக் கலந்து சமாளித்தார்கள். போர் முடிந்தது, நாக்கு அதை விடவில்லை.

சரி, இப்போது ராம்பார்ட் தெருவைக் கடந்து ட்ரெமே என்ற பழைய குடியிருப்புக்கு வாருங்கள். கடந்ததும் காங்கோ சதுக்கம். அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கூடினார்கள். முரசடித்தார்கள், ஆடினார்கள், தாங்கள் விளைவித்ததை விற்றார்கள். 1817இல் நகர நிர்வாகம், கூடுவதென்றால் இந்த ஓரிடத்தில் மட்டும்தான் என்று உத்தரவு போட்டது. ஜாஸ் இசையின் வேர் எங்கே என்று கேட்பவர்களை அந்த ஊர்க்காரர்கள் இங்கேதான் அழைத்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றேன் அல்லவா, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றும் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் மதியத்துக்கு மேல் அங்கே ஊர்வலம் உண்டு. 'செகண்ட் லைன்' என்பார்கள், இரண்டாம் வரிசை. முன்னால் போகும் சங்கத்தாரும் பேண்டு வாத்தியக் குழுவும் முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டே வரும் ஊர்சனம் இரண்டாம் வரிசை. இந்தச் சங்கங்கள் கறுப்பின மக்கள் தங்களுக்குள் காசு போட்டு, நோய்க்கும் சாவுக்கும் உதவிக்கொள்ள வைத்துக்கொண்டவை. ஒருவர் இறந்தால் போகும்போது மெதுவான பக்திப் பாடல், அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம்போட வைக்கும் வாசிப்பு. சாவு வீட்டில் மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மூன்றாவது முறை போனபோது நான் அந்த ஊர்வலத்தில் நடந்தேன். ஓரமாக நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர் என் கையில் ஒரு கைக்குட்டையைத் திணித்து, "உள்ளே வா, பேபி" என்றார். அங்கே யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம் ஊர் 'கண்ணு' மாதிரி. போனேன். கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்தேன். ஊர்வலம் கிளேய்போர்ன் அவென்யூ மேம்பாலத்தின் அடியில் நுழைந்தது. கூட்டம் அங்கே நகராமல் நின்றுவிட்டது. டிராம்போனும் டியூபாவும் கான்கிரீட்டில் மோதித் திரும்பி நெஞ்சுக்குள் இடித்தன.

அந்தப் பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளேய்போர்ன் அவென்யூ ஒரு காலத்தில் ட்ரெமேவின் கடைத்தெரு. நடுவில் ஓக் மரங்கள் வரிசையாக நிழல் தரும், திருவிழா நாளில் குடும்பங்கள் அதன் அடியில் சாப்பாடு விரிக்கும். 1966இல் அந்த மரங்களை வெட்டி, மேலே நெடுஞ்சாலை கட்டினார்கள். அதே காலத்தில் பிரெஞ்சு குவார்ட்டரின் ஆற்றங்கரையிலும் ஒரு நெடுஞ்சாலை போடத் திட்டம் இருந்தது. எதிர்ப்பு வலுத்து, 1969இல் அதைக் கைவிட்டார்கள். மறுபடியும் சொல்கிறேன், பணக்காரரும் பயணிகளும் நேசித்த இடத்தில் சாலை வரவில்லை, கறுப்பின மக்களின் கடைத்தெருவில் வந்தது. இன்று பாலத்தின் தூண்களில் ஓக் மரங்களை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். வெட்டிய மரம் நின்ற இடத்தில், தூணில் வரைந்த மரத்தின் அடியில், அந்த மக்கள் இன்னும் ஆடுகிறார்கள். போர்பன் தெருவில் இது தெரியாது.

நிலையத்து நண்பர் நேரத்தைக் காட்டுகிறார். இரவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிரெஞ்ச்மென் தெருவுக்குப் போங்கள், வாசலுக்கு வாசல் வாசிப்பு இருக்கும். 1961இல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹாலுக்குப் போங்கள், சின்ன அறை, பெஞ்சிலோ தரையிலோ உட்கார்ந்து பக்கத்திலேயே ஜாஸ் கேட்கலாம். வாசிப்பவர்களுக்கு டிப்ஸ் போட மறக்காதீர்கள். அப்புறம், 1835லிருந்து ஓடும் செயின்ட் சார்லஸ் டிராம், அதில் கார்டன் டிஸ்ட்ரிக்ட் என்ற குடியிருப்பு வரை ஒரு முறை... நேரம் முடிந்துவிட்டது. நீங்கள் போவது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஒரு கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.